கைட்டுவின் பங்கு

அந்த வருஷம் ஜூன் மாதம், முப்பத்தொரு புதுக் குளிர்பெட்டிகளோடும் என் வாயோடும் தீவில் வந்து இறங்கினேன். பெட்டிகள் அரசு கொடுத்தவை. வாய் என் அம்மா கொடுத்தது. தலைநகரில் மின்சக்தித் துறையில் எனக்கு வேலை கிடைத்ததே அந்த வாயால்தான். மின்சாரத்தை மிச்சம் பிடியுங்கள், பூமி சூடாகிறது, கடல் ஏறுகிறது என்று ஊர் ஊராகப் போய்ச் சொல்ல வேண்டும். வியாழக்கிழமை காலைகளில் அதையே வானொலியில் பத்து நிமிஷம் சிரிக்கச் சிரிக்கச் சொல்ல வேண்டும். துவாலு என்கிற எங்கள் குட்டித் தீவு தேசம் முழுக்க எனக்குக் ‘கரண்ட் அசெனாத்தே’ என்றுதான் பெயர்.

இறங்கியது நான் பிறந்த தீவு. அங்கே என் அக்கா சுனேமா இருக்கிறாள். அவள் வீட்டில்தான் நான் தங்குவேன். அவள் வீட்டில்தான் தீவிலேயே பெரிய, பழைய, பேய் மாதிரி மின்சாரம் குடிக்கிற ஃப்ரீசரும் இருந்தது. இதெல்லாம் கப்பல் ஏறும்போதே எனக்குத் தெரியும். தெரிந்துதான் வந்தேன். அதனால் யாரும் என்னைப் பார்த்துப் பாவம் என்று சொல்ல வேண்டாம்.

மறுநாள் ஊர் மண்டபத்தில் கூட்டம். பாய் விரித்து எல்லோரும் சுற்றி உட்கார்ந்தார்கள். நான் நடுவில் நின்று என் படங்களைப் பிரித்ததுமே கதலீனா ஆரம்பித்துவிட்டாள். என்னோடு ஒன்றாகப் படித்தவள். பள்ளிக்கூடத்தில் இருந்தே என் வாய்க்குப் போட்டி அவள் வாய் ஒன்றுதான்.

“ஏ அசெனாத்தே, கடல் என் அடுப்படி வரைக்கும் வர்றதுக்கு என் ஐஸ்பெட்டிதான் காரணமா? எங்கெங்கயோ பெரிய பெரிய தேசத்துல விடிய விடியக் கட்டடம் கட்டடமா லைட்டு எரியுதே, அங்க போய்ச் சொல்ல வேண்டியதுதானே?”

“அங்க போனா என்னை எவன் உள்ள விடுவான்? விசா கேப்பான். உன் வீட்டுக்குன்னா விசா வேணாமே!”

மண்டபம் சிரித்தது. சிரிக்க வைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதிக்கு உண்மையைச் சொன்னேன். நாம் பெட்டியை மாற்றினால் கடல் இறங்கிவிடாது, அந்தப் பொய்யை நான் சொல்ல மாட்டேன் என்றேன். ஆனால் நம் சூரியத் தகடுகளும் மின்கலங்களும் இவ்வளவுதான் தாங்கும். மீதிக்கு டீசல். டீசல் கப்பலில் வர வேண்டும். ஏப்ரலில் கப்பல் வரவில்லை. இரண்டு நாள் கரண்ட் இல்லாமல் ஆஸ்பத்திரிப் பெட்டி சூடாகி, பதினான்கு குழந்தைகளுக்கு வைத்திருந்த தடுப்பூசி குப்பைக்குப் போனது. ஒரு பழைய ஃப்ரீசர் தின்கிற மின்சாரத்தில் நாலு புதுப் பெட்டி ஓடும். இதைச் சொன்னபோது யாரும் சிரிக்கவில்லை. அந்தப் பதினான்கு குழந்தைகளும் அங்கேதான் அம்மாக்களின் மடியில் இருந்தார்கள்.

விதிகளையும் சொன்னேன். பழையதைக் கொடுத்தால் புதியது இலவசம். பழையதை ஊரார் முன்னால் என்னோடு வந்த மெக்கானிக் குழாயை அறுத்து ஓட்டை போட்டுவிடுவான், திரும்ப ஓட்ட முடியாது. வீட்டில் ஒருவர் இருவர் என்றால் சின்னப் பெட்டி. மூன்று பேர் முதல் நடுத்தரம். ஏழு முதல் பெரியது. வெளியூருக்கு வேலைக்குப் போய் ஒரு வருஷத்துக்குள் திரும்பப் போகிறவர்களும் கணக்கில் சேர்வார்கள்.

“அப்ப முதல்ல உங்க அக்கா வீட்டுப் பெட்டிக்கு ஓட்டையப் போடு. ஊரோட பாதி கரண்டு அந்த வயித்துக்குள்ளதான் போகுது” என்றாள் கதலீனா.

இரண்டு மூன்று பேர் சிரிக்க ஆரம்பித்து, சட்டென்று நிறுத்திக்கொண்டார்கள். கதலீனாவே நாக்கைக் கடித்துக்கொண்டாள். அந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்பது ஊருக்கே தெரியும்.

எங்கள் தீவில் எது கிடைத்தாலும் பங்குதான். சூரை மீன் கூட்டமாகக் கிடைத்தாலும் பங்கு, கல்யாணத்துக்குப் பன்றி அறுத்தாலும் பங்கு. மண்டபத்தில் குவித்து வைத்துப் பங்கு கூப்பிடுகிறவர் எழுந்து வீட்டுப் பெயரையும் ஆள் எண்ணிக்கையையும் உரக்கச் சொல்வார். பால்குடிக் குழந்தைக்கும் பங்கு உண்டு. கப்பல் வேலைக்குப் போனவனுக்கும், ஆஸ்திரேலியாவில் பழம் பறிக்கப் போனவனுக்கும் உண்டு. அதை வீட்டார் தின்றுகொள்ளலாம். செத்தவனுக்கு மட்டும்தான் இல்லை.

அக்காவின் ஒரே மகன் கைட்டு. இருபத்திரண்டு வயது. அதற்கு முந்தின ஆகஸ்டில் ஒரு விடியற்காலை சூரை பிடிக்கத் தனியாகப் படகெடுத்துப் போனான். எஞ்சின் நின்றதோ என்னவோ, திரும்பவில்லை. விமானம் வந்து நாலு நாள் தேடியது. ஒரு எண்ணெய்க் கேன்கூடக் கிடைக்கவில்லை. ஆனால் எங்கள் கடலில் ஆட்கள் மாதக்கணக்கில் மிதந்து, மழைத் தண்ணீரும் பச்சை மீனுமாகப் பிழைத்து, வேறு தேசத்துக் கரையில் போய் ஏறின கதைகளும் உண்டு. அதனால் பங்கு கூப்பிடுகிற பெனிட்டுசி, பத்து மாதமாக ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரிதான் கூப்பிட்டார். “லபானா வீடு, மூணு.” லபானா என் அக்காவின் புருஷன். அக்கா எழுந்து போய் மூன்று பங்கை வாங்கி வருவாள். இரண்டைச் சமைப்பாள். மூன்றாவதைப் பையில் கட்டி, தேதி எழுதி, ஃப்ரீசரில் வைப்பாள்.

அன்று கூட்டம் முடிந்து வீட்டுக்குப் போனதும் அவளே மூடியைத் திறந்து காட்டினாள். அடுக்கடுக்காகப் பைகள். கிறிஸ்துமஸ் பன்றிக்கறி. ஈஸ்டர் கோழி. பாதிரியாரின் மகள் கல்யாணத்துப் புலாகாக் கிழங்கு, தேங்காய்ப்பாலில் வேக வைத்தது. பறவைக் கோலா மீன் ஒரு வரிசை, தலை எல்லாம் ஒரே பக்கம். கடையில் சாமான் அடுக்கினதுபோல அடுக்கியிருந்தாள். கரண்ட் போகிற நாட்களில் வீட்டில் இருக்கிற பாய், போர்வை எல்லாவற்றையும் போட்டு அந்தப் பெட்டியைச் சுற்றுவாளாம். அவளும் லபானாவும் வெறுந்தரையில் படுப்பார்களாம்.

“பாத்தியா, அசே? ஒண்ணுகூடக் கெடல” என்றாள். அதைச் சொன்னபோது அவள் முகத்தில் இருந்த பெருமையை என்னால் பார்க்க முடியவில்லை.

“அக்கா, இந்தப் பெட்டியை மாத்தணும்க்கா.”

“அவன் வந்து தின்னு முடிக்கட்டும். அப்புறம் எடுத்துட்டுப் போ.”

“அது எப்போக்கா?”

“எப்போவா? அதை என்னைக் கேக்கறியா? கடலப் போய்க் கேளு.”

“நான்தான் ஊரெல்லாம் போய் மாத்துங்க மாத்துங்கன்னு கத்துறேன். என் அக்கா வீட்டுலயே மாத்தலைன்னா என் மூஞ்சியில காறித் துப்புவாங்க. ஆஸ்பத்திரிப் பெட்டி நின்னு போச்சே, அந்தப் புள்ளைங்களை நினைச்சுப் பாரு.”

“நினைக்காமயா இருக்கேன்? ராத்திரியில வீட்டு லைட்டு ஒண்ணு போட்டிருக்கேனா பாரு. ஃபேன்கூடக் கிடையாது. ரேடியோவுல நீ சொல்றதை எல்லாம் நான்தாண்டி கேக்கறேன், இந்த ஊர்லயே நான் ஒருத்திதான் கேக்கறேன். எனக்கு இது ஒண்ணு போதும். இதையும் புடுங்காத.”

நானும் கத்தினேன், அவளும் கத்தினாள். அடுத்த வீட்டில் அடுப்பு ஊதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். கடைசியில் அவள்தான் இறங்கி வந்தாள். எப்போதும் அவள்தான் இறங்கி வருவாள்.

“சரி. நடுப்பெட்டி குடு. மூணு பேருக்குன்னு சொன்னியே, அது. அதுல இதெல்லாம் நெருக்கி அடுக்கினா கொள்ளும். அப்ப மாத்திக்கறேன்.”

“தர்றேன்க்கா” என்றேன். கூசாமல் சொன்னேன்.

இரண்டு நாள் வீடு வீடாகப் போய்ப் படிவம் நிரப்பினேன். அக்கா வீட்டுப் படிவத்தைக் கடைசிக்கு வைத்திருந்தேன். அவள் புலாகா நட்டிருந்த கிழங்குக் குழிக்குப் போயிருந்த நேரம். அந்த வருஷம் பிப்ரவரியில் கடல் புகுந்து உப்பேறிய குழி அது, இருந்தாலும் தினமும் போய்த் தழை போட்டுவிட்டு வருவாள். லபானா வாசலில் தென்னம்பதநீர்க் குடுவையைக் கழுவிக்கொண்டிருந்தார். மனுஷன் முன்னமே அதிகம் பேச மாட்டார். மகன் போனதிலிருந்து அதுவும் இல்லை.

“அத்தான், வீட்டுல எத்தனை பேருன்னு எழுதணும்” என்றேன்.

குடுவையைக் கவிழ்த்து வைத்தார். கையைத் துடைத்தார். என்னைப் பார்க்கவில்லை.

“உனக்கு எது சரின்னு படுதோ எழுதிக்கோம்மா” என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.

படிவத்தில் முதல் கட்டம், வீட்டில் இருப்போர். இரண்டு என்று எழுதினேன். அடுத்த கட்டம், வெளியூரில் இருப்போர். அங்கே ஒன்று என்று எழுதினால் அக்காவுக்கு நடுப்பெட்டி. அவ்வளவுதான், மேலிருந்து கீழே ஒரு கோடு கிழிக்கிற வேலை. ஆனால் அந்தக் கட்டத்துக்குக் கீழே இரண்டு கேள்வி இருந்தது. எந்த ஊரில் இருக்கிறார்? எப்போது திரும்புவார்?

பேனாவை வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேனோ தெரியாது. அந்தப் படிவத்தைத் தலைநகரில் தயார் பண்ணியதே நான்தான். அந்தக் கேள்விகளைச் சேர்க்கச் சொன்னதும் நான்தான், யாரும் இல்லாத ஆளைக் காட்டிப் பெரிய பெட்டி வாங்கிவிடக் கூடாதென்று. நடுப்பெட்டிகள் மொத்தமே பதினொன்றுதான் வந்திருந்தன. கேட்டவர்கள் பதினொரு வீடு, அக்காவைச் சேர்க்காமல். யாராவது ஒருவருக்கு இல்லை என்று சொல்லி அக்காவுக்குக் கொடுத்தால் கதலீனா சும்மா விடுவாளா? கரண்ட் அசெனாத்தே தன் அக்காவுக்கு மட்டும் ஒதுக்கிவிட்டாள் என்று தலைநகர் வரைக்கும் பேச்சு போகும். என் பேர், என் நேர்மை, என் வேலை. எல்லாம் என், என், என்.

கோடு போட்டேன். யாரும் இல்லை என்பதற்கு நாங்கள் போடுகிற சின்னப் படுக்கைக் கோடு. சின்னப் பெட்டியில் கொள்ளாத பைகளை என் சித்தப்பா மகன் வீட்டுப் பெட்டியில் வைத்துக்கொள்ளலாம், சாயங்காலம் அக்காவிடம் பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். சாயங்காலம் அவள் எனக்காகத் தென்னை நண்டு சுட்டு வைத்திருந்தாள். சொல்லாமல் தின்றுவிட்டுப் படுத்தேன்.

இருபது வருஷம் தலைநகரில் இருந்தவளுக்கு ஒன்று மறந்து போயிற்று. எங்கள் ஊரில் எந்தப் பட்டியலும் அலமாரிக்குப் போவதில்லை. மண்டபத்துக்குத்தான் போகும். ஊர்ச்சபைக் குமாஸ்தா எழுந்து நின்று எல்லார் காதிலும் விழும்படி வாசிப்பான். வாசித்தால் அது ஊரின் வார்த்தை. அதற்கப்புறம் அது இல்லை என்று ஆகாது. மறந்தது என்றா சொன்னேன்? அதுவும் முழு உண்மையில்லை. படிவங்களைக் கட்டிக் குமாஸ்தா கையில் கொடுத்தபோது எங்கோ ஒரு மூலையில் தெரிந்துதான் இருந்தது. நிறுத்தி யோசிக்கத் தைரியம் வரவில்லை.

புதன்கிழமை பகல் பதினொரு மணிக்கு வாசித்தான்.

“பெனிட்டுசி வீடு. ஆள் ஆறு. வெளியூர்ல ஒருத்தர். பெட்டி பெருசு.”

“கதலீனா வீடு. ஆள் நாலு. வெளியூர்ல ரெண்டு பேர். பெட்டி நடுத்தரம்.”

கதலீனா, “ரெண்டு பேரும் வர்றப்ப பொண்டாட்டியோட வந்தா என்ன பண்றது? அதுக்கும் ஒரு பெட்டி போட்டு வைங்க” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். என் அக்காவும் சிரித்தாள். அவள் எனக்கு எதிரே, தூணோரம், பெண்கள் வரிசையில் உட்கார்ந்து ஓலை விசிறியால் விசிறிக்கொண்டிருந்தாள்.

“லபானா வீடு. ஆள் ரெண்டு.” குமாஸ்தா சின்னப் பையன் இல்லை, விவரம் தெரிந்தவன். அடுத்த கட்டத்தைப் பார்த்ததும் அவன் குரல் தடுமாறியது. ஆனால் வாசித்தாக வேண்டும். “வெளியூர்ல... யாரும் இல்ல. பெட்டி சின்னது.”

விசிறி நின்றது.

பத்து மாதமாக அந்த ஊரில் யாரும் சொல்லாத வார்த்தை அது. விமானக்காரர்கள் சொல்லவில்லை. பாதிரியார் சொல்லவில்லை. பெற்ற தகப்பன் சொல்லவில்லை. அவன் சித்தி எழுதிக் கொடுத்து, ஊர் மண்டபத்தில் வாசித்தாயிற்று.

நான் எழுந்து, தப்பாக எழுதிவிட்டேன், வெளியூரில் ஒருத்தன் இருக்கிறான் என்று கத்தியிருக்கலாம். ஊரில் அத்தனை பேரும் அதற்குத்தான் என் முகத்தைப் பார்த்தார்கள். ஊர் ஊராகப் போய்க் கத்துகிற வாய், அன்றைக்குத் திறக்கவில்லை. குமாஸ்தா ஒரு நிமிஷம் எனக்காக நின்றான். அப்புறம் அடுத்த வீட்டை வாசித்தான்.

கூட்டம் கலைந்ததும் அக்காவின் பின்னால் ஓடினேன். அவள் வேகமாகப் போகவில்லை. அழவும் இல்லை. நான் பக்கத்தில் வந்ததும் நின்றாள்.

“ரெண்டுன்னு நீ எழுதினியா? இல்ல அவர் சொன்னாரா?”

“நான்தான்க்கா. அத்தான் ஒண்ணும் சொல்லல. சத்தியமா நான்தான்.”

“நல்லது” என்றாள். “அவர் சொல்லியிருந்தா நான் செத்திருப்பேன்.”

“அக்கா, என்னை நாலு அறை அறைஞ்சிடு.”

“போடி” என்றாள். “வெயிலு. வா வீட்டுக்கு.”

அவள் அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அன்று மத்தியானம் எனக்குச் சோறு போட்டாள். மீனில் முள் எடுத்து வைத்தாள். நான் தின்றேனா இல்லையா என்று பார்த்தாள். மகனின் பெயரை எடுக்கவில்லை. ஃப்ரீசர் பக்கமும் போகவில்லை. நான்தான் பைத்தியம்போலச் சாயங்காலம் பெனிட்டுசி வீட்டுக்கு ஓடினேன்.

அவர் வலை பிரித்துக்கொண்டிருந்தார். நான் சொன்னதை எல்லாம் கேட்டார். குமாஸ்தாவை மறுபடி வாசிக்கச் சொல்லுங்கள், நடுப்பெட்டி ஒன்றை என் சம்பளத்தில் வரவழைத்துத் தருகிறேன் என்று கெஞ்சினேன்.

“பெட்டியாம்மா இப்ப பிரச்சனை?” என்றார். “அவன் இல்லைன்னு எங்க எல்லாருக்கும் தெரியும். கடல்ல நாப்பது வருஷம் போறவன், எனக்குத் தெரியாதா? ஒவ்வொரு தடவையும் ‘மூணு’ன்னு கூப்பிடுறப்ப பொய்தான் சொல்றேன். ஆனா உங்க அக்கா எந்திரிச்சு நடந்து வர்ற நடை இருக்கே, அதைப் பாத்துட்டு எவனுக்கு ரெண்டுன்னு சொல்ல மனசு வரும்? அவளா ஒருநாள் சொல்லட்டும்னு ஊரே காத்துக்கிட்டு இருந்துச்சு. அவளாச் சொல்லியிருப்பா. இன்னும் ஒரு வருஷமோ, ரெண்டு வருஷமோ. நீ அவ வாயில இருந்து புடுங்கிட்ட.”

“நீங்க சனிக்கிழமை விருந்துல மூணுன்னே கூப்பிடுங்க, ஐயா. உங்க கால்ல விழறேன்.”

“வாசிச்சதை மீறி நான் கூப்பிட்டதே இல்ல” என்றார். வலையையே பார்த்துக்கொண்டிருந்தார். “இந்தத் தடவை கூப்பிடுறேன். ஊர் என்னைத் திட்டினா திட்டட்டும்.”

சனிக்கிழமை பெட்டி மாற்றும் விழா. காலையில் பழைய பெட்டிகளை மண்டபத்துக்கு வெளியே வரிசையாக வைத்து மெக்கானிக் ஒவ்வொன்றாக முடித்தான். இளசுகள் ஒவ்வொரு ஓட்டைக்கும் கை தட்டினார்கள். லபானா வீட்டுப் பெட்டி அந்த வரிசையில் இல்லை. யாரும் கேட்கவில்லை, கதலீனா உட்பட. ஆட்டம் பாட்டம் எல்லாம் முடிந்து, மத்தியானம் சாப்பாட்டுக்கு மூன்று பன்றியும் சூரை மீனும் மண்டபத்தில் குவித்தார்கள். பெனிட்டுசி எழுந்தார். வரிசையாகக் கூப்பிட்டுக்கொண்டே வந்தார்.

“லபானா வீடு” என்றார். அக்காவைப் பார்த்தார். “மூணு.”

ஊர் மூச்சு விட்டது. நிஜமாகவே கேட்டது. ஒருத்தரும் அவரைத் திட்டவில்லை. பெண்கள் சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். எனக்குத் தப்பித்தோம் என்றிருந்தது. கடவுளே, நன்றி, தப்பித்தோம்.

அக்கா எழுந்தாள். ஆனால் நடக்கவில்லை. இருந்த இடத்திலேயே நின்றாள்.

“ரெண்டு, பெனிட்டுசி” என்றாள்.

அவர் கையில் பங்கோடு நின்றார். “மூணுன்னுதானேம்மா கூப்பிட்டேன். வந்து வாங்கிக்கோ.”

“ஊருக்கு என் மேல பிரியம் இருக்கு. அது எனக்குத் தெரியும். ஆனா எம்புள்ளைக்குப் பிச்சை மாதிரி பங்கு வேணாம். இருக்கறவனுக்குக் கூப்பிடுற மாதிரி கூப்பிட்டீங்க, வாங்கினேன். இப்ப எனக்காகக் கூப்பிடுறீங்க. ரெண்டு போதும்.” மூச்சு வாங்கினாள். “திங்கக்கிழமை எல்லாரும் எங்க வீட்டுக்கு வாங்க. கைட்டுவோட பங்கு எங்கிட்ட இருக்கு. பத்து மாசத்துப் பங்கு. எல்லாருக்கும் வரும்.”

இழவுக்குப் போடுகிற சாப்பாட்டுக்கு எங்கள் ஊரில் அப்படித்தான் கூப்பிடுவார்கள். வீட்டுக்காரியே எழுந்து நின்று கூப்பிட வேண்டும். அவள் கூப்பிட்டுவிட்டாள். லபானா உட்கார்ந்த இடத்தில் அப்படியே முன்னால் சாய்ந்து, பாயில் நெற்றியை வைத்துக்கொண்டார். அவரிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. அந்த மனுஷனிடம் அப்படி ஒரு குரல் இருந்தது என்று எனக்குத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு அப்புறம் அக்கா ஃப்ரீசரின் வயரைப் பிடுங்கினாள். அவளே பிடுங்கினாள், என்னைத் தொட விடவில்லை. பைகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தேதியைப் படித்துப் பாயில் பரப்பினாள். “இது அவன் பொறந்த நாளுக்கு முந்தின வாரம் வந்தது” என்பாள். “இது நல்ல துண்டு, வயித்துப் பக்கம், அவனுக்குப் பிடிக்கும்” என்பாள். நான் கூடவே உட்கார்ந்து முடிச்சை அவிழ்த்துக்கொடுத்தேன். திங்கட்கிழமை விடிகாலையில் கதலீனா வந்தாள், கூடவே பத்துப் பதினைந்து பெண்கள். யாரும் யாரையும் கேலி பண்ணவில்லை. கல் அடுப்பை மூட்டினார்கள்.

ஊரே வந்தது. நடக்க முடியாதவர்களைத் தள்ளுவண்டியில் உட்கார வைத்துக் கொண்டுவந்தார்கள். பெனிட்டுசி வீடு வீடாகக் கூப்பிட்டார். லபானா வீடு என்று வந்தபோது ‘ரெண்டு’ என்றார். அவ்வளவு நாள் கிடந்த கறி நார்நாராக வறண்டிருந்தது, பறவைக் கோலாவில் ஐஸ் வாடை அடித்தது. ஒரு துண்டுகூட யாரும் மிச்சம் வைக்கவில்லை. எலும்பைச் சப்பித் தின்றார்கள். நாய்களுக்குக்கூட ஒன்றும் போகவில்லை.

எல்லோருக்கும் கொடுத்த பிறகு அக்கா ஒரு தட்டை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். நான் கிணற்றடியில் ஒளிந்துகொண்டிருந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்தாள். தட்டை என் மடியில் வைத்தாள்.

“நீ எழுதினது தப்பில்ல, அசே. கணக்கு சரிதான். யார் எழுதினாலும் ரெண்டுதான் வரும்.”

“அக்கா...”

“கேளு. அந்தப் பெட்டி வேணாம்னு நானும் சில நாளு நினைச்சிருக்கேன். கரண்டு போறப்ப, கெட்டுப் போகட்டும், எல்லாம் முடிஞ்சிடும்னு நினைச்சிருக்கேன். ஊர்ல வேற யாராவது ரெண்டுன்னு எழுதியிருந்தா அவங்க மண்டையை உடைச்சிருப்பேன். உடைச்சிட்டு உன்கிட்ட ஓடி வந்திருப்பேன். உன் மடியில விழுந்து அழுதிருப்பேன்.” என் கன்னத்தைத் தொட்டாள். அவள் கை புகை வாடை அடித்தது. “நீ எழுதிட்ட. இப்ப நான் யார்கிட்டடி போவேன்?”

தட்டைக் காட்டி, “ஆறிப் போகுது. தின்னு” என்றாள்.

தின்றேன். நான் தின்று முடிக்கிற வரைக்கும் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். அப்புறம் வெறும் தட்டை எடுத்துக்கொண்டு, தனியாக அழுவதற்கு வீட்டுக்குள்ளே போனாள்.